வெண்மலையின் வெள்ளிவாள்

அரசர்களின் வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். போர்களின் ஆண்டுகளை மனப்பாடஞ் செய்து பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஒரு செடியின் வரலாற்றை மட்டும் எவரும் நமக்குக் கற்பித்ததில்லை. செடி முளைக்கும், பூக்கும், பட்டுப்போகும். அதற்கு வரலாறு ஏது என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு நாட்டின் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதை, அந்நாட்டின் மலைமேல் நின்ற செடியொன்றைக் கொண்டே விளக்கிவிடலாம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளில் வளரும் வெள்ளிவாள் அத்தகைய செடியாகும்.

அத்தீவுக் கூட்டத்தின் மிகப் பெரிய தீவில் மவுனா கேயா என்ற எரிமலை நிற்கின்றது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 13,800 அடி. வெண்மலை என்பது அப்பெயரின் பொருள். வெப்ப வலயத் தீவாயினும் மாரி காலத்தில் அதன் சிகரத்திலே வெண்பனி படிந்து கிடக்கும். சுமார் 8,500 அடிக்கு மேலே மரங்கள் குறுகி, அருகி, ஈற்றில் கருஞ்சாம்பலும் எரிமலைக் கல்லுமே எஞ்சும். அந்த வறண்ட சரிவுகளிலேதான் வெள்ளிவாட் செடிகள் ஒரு காலத்தில் பெருந்தொகையாக வளர்ந்தன. ஹவாய் மக்கள் அதனை ஆஹினாஹினா என்பர். நரைத்த தலையின் வெண்சாம்பல் நிறத்தைச் சுட்டும் சொல் அது.

சூரியகாந்தியும் செவ்வந்தியும் சேர்ந்த தாவரக் குடும்பத்திலே பிறந்தது இக்குறுஞ்செடி. பார்வைக்கு அது கற்றாழையையே நினைவூட்டும். தரையோடு ஒட்டி வட்டமாக அடுக்கிய ஒடுங்கிய இலைகள். அவ்விலைகளின் மேல் அடர்ந்த வெள்ளி மயிர். மலையுச்சியின் கொடிய வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு அம்மயிர் உதவுகின்றது. இலையின் உள்ளே பசை போன்ற ஒரு பொருள் நீரைச் சேமித்து வைக்கின்றது. பகலில் சுடுவெயில், இரவில் உறைபனி, காலடியில் நீர் நில்லாத கற்சாம்பல். இவற்றுக்கிடையே வாழக் கற்றுக்கொண்ட செடி அது.

பல பத்தாண்டுகள் அது பூக்காமலே இருக்கும். பின்னர் ஒரு கோடையில் அதன் நடுவிலிருந்து ஆளுயரத்தையும் மிஞ்சிய ஒரு தண்டு எழும். அதில் நூற்றுக்கணக்கான பூந்தலைகள் மலரும். விதை முற்றியதும் செடி பட்டுவிடும். ஒரு வாழ்வு, ஒரு பூப்பு. ஒரு தடவை பூத்து மடியும் செடிகள் நமக்குப் புதியன அல்ல. நமது மலைநாட்டிலே சிங்கள மக்கள் நெலு என்றழைக்கும் குறிஞ்சியினச் செடிகளும் அவ்வாறு பூத்து மடிபவையே. ஆனால் குறிஞ்சி கூட்டமாகப் பூக்கும். மலையே நிறம் மாறும். வெள்ளிவாள் அப்படியன்று. ஒவ்வொரு செடியும் தனக்கென ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்கின்றது.

இங்குதான் இச்செடியின் வாழ்வில் ஒரு சிக்கல் இருக்கின்றது. தன் மகரந்தத்தால் தானே விதை கொள்ளும் ஆற்றல் வெள்ளிவாளுக்கு மிகக் குறைவு. அதே கோடையில், ஈயும் விட்டிலும் பறந்து செல்லக்கூடிய தொலைவில், உறவில் நெருங்காத இன்னொரு வெள்ளிவாளும் பூத்திருத்தல் வேண்டும். மஞ்சள்முகத் தேனீக்கள் என்னும் சிறிய உள்ளூர்த் தேனீக்களும் இராவில் பறக்கும் விட்டில்களும் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் காவிச் செல்கின்றன. மலையில் ஆயிரம் செடிகள் இருந்தால் ஆண்டுதோறும் சில பத்துச் செடிகளாவது சேர்ந்து பூக்கும். நாற்பது செடிகளே இருந்தால், ஒன்று பூக்கும் ஆண்டில் துணைக்கு மற்றொன்று இராது. அது தனியே பூத்து, விதையின்றி மடியும். தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் சொன்னது இச்செடிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இனி இச்செடி அங்கு வந்த வகையை நோக்குவோம். அதன் மூதாதையின் நெருங்கிய உறவினர் ஹவாயில் இல்லை. இரண்டாயிரத்து நானூறு மைல்களுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்தின் கலிபோர்ணியாவில், பிசுபிசுத்த இலைகளையுடைய எளிய களைச்செடிகளாக இருக்கின்றனர். மரத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்த ஷேர்வின் கார்ல்குவிஸ்ற் 1959இல் இவ்வுறவைச் சுட்டிக்காட்டினார். பின்னாளில் புரூஸ் போல்ட்வின் முதலிய அறிஞர்கள் பரம்பரையலகுச் சோதனைகளால் அதனை நிறுவினர். ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டோ வேறு வழியாகவோ வந்து சேர்ந்த ஒரு மூதாதையின் வழியில் முப்பது வரையான இனங்கள் தோன்றின. சில மரமாயின, சில கொடியாயின, சில பாயைப்போல் தரையில் படர்ந்தன, சில மலையேறி வெள்ளிவாளாயின.

அத்தீவுகளிலே புல் மேயும் விலங்கு ஒன்றுமே இருக்கவில்லை. மனிதன் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த பாலூட்டிகள் வௌவாலும் கடல்நாயுமே. ஆதலால் அங்குள்ள செடிகள் முள்ளையும் நஞ்சையும் வளர்க்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. வாள் என்பது பெயர்தான். அந்த வாளால் ஓர் ஆட்டுக்குட்டியையும் தடுக்க முடியாது.

பொலினீசிய மாலுமிகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீவுகளில் குடியேறினர். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை நீண்ட துண்டுகளாக நிலத்தை வகுத்து, சேம்பு விளைத்து, மீன் பிடித்து வாழ்ந்தனர். இந்தச் சமுதாயத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க நாம் முற்படவில்லை. அங்கும் தலைவர் கூட்டம் இருந்தது. உழைக்கும் கூட்டம் இருந்தது. கபு என்ற விலக்கு விதிகளை மீறியவனுக்கு மரணமே தண்டனை. தாழ்நிலக் காடுகள் அவர்களாலும் அழிந்தன. பறவையினங்கள் சிலவும் மறைந்தன. ஆயினும் மலையின் மேற்பகுதி தெய்வங்களுக்குரியதெனக் கருதப்பட்டது. அங்கு பயிர் செய்தாரில்லை. பன்னிரண்டாயிரம் அடி உயரத்திலே கோடரிக்கல் வெட்டிய தொழிலாளர் மட்டும் குளிரில் குகைகளிலே தங்கி வேலை செய்தனர். அவர்கள் சிதறிய கற்செதில்கள் இன்றும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அந்நூற்றாண்டுகளில் வெள்ளிவாளும் அவர்களோடு இருந்தது.

1778ஆம் ஆண்டில் கப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்க்கு வந்தன, ஆடுகள் கரையிறங்கின. 1793இல் ஜோர்ஜ் வன்கூவர் மாடுகளையும் செம்மறிகளையும் கொண்டுவந்து மன்னன் கமேஹமேஹாவுக்குப் பரிசளித்தார். இவை நல்லெண்ணத்தின் சின்னங்களாகப் பேசப்படுவதுண்டு. நல்லெண்ணம் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. பசிபிக்கைக் கடக்கும் கப்பல்களுக்கு வழியில் இறைச்சி வேண்டும். வன்கூவரின் வேண்டுகோளின்படி மன்னன் அம்மாடுகளுக்குப் பத்தாண்டுக் காவல் விதித்தான். எவரும் அவற்றைக் கொல்லலாகாது. மாடுகள் பெருகின. குடியானவனின் சேம்புத் தோட்டத்திலும் வள்ளிக்கிழங்குப் பாத்தியிலும் புகுந்து மேய்ந்தன. மன்னனின் மாட்டை அடிக்க முடியாத குடியானவன் கல் சுமந்து மதில் கட்டினான். கோனா மாவட்டத்தில் குவாக்கினி என்ற ஆளுநர் காலத்தில் எழுப்பப்பட்ட நீண்ட கன்மதில் இன்றும் அக்காலத்துக்குச் சாட்சியாக நிற்கின்றது. செடிக்கு மதில் கட்ட எவருமில்லை.

1825ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேம்ஸ் மக்ரே என்ற ஸ்கொத்லாந்துத் தாவரவியலாளர் வெண்மலையில் ஏறினார். அவர் வந்த கப்பலின் வரலாறு துயரமானது. இங்கிலாந்து மன்னரைக் காணச் சென்ற ஹவாய் அரசனும் அரசியும் 1824இல் லண்டனிலே சின்னமுத்து நோய் கண்டு இறந்தனர். அவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்த போர்க்கப்பல் அது. கவிஞர் பைரனின் உறவினரே அதன் தலைவர். மக்ரே வேறு தாவரம் எதையும் காணாத உயரத்திலே வெள்ளிவாளைக் கண்டார். அதைப் பார்ப்பதற்காகவே இத்துணைத் தொலைவு பயணஞ் செய்து வரலாம் என்ற கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1834 ஜனவரியில், டேவிட் டக்ளஸ் என்ற புகழ்பெற்ற தாவரவியலாளர் அதே மலையில் ஏறினார். அவ்வாண்டு ஜூலையில் அம்மலையின் சரிவிலேயே அவர் மாண்டார். காட்டுமாடுகளைப் பிடிக்க வேட்டைக்காரர் தோண்டிய குழியொன்றுள் அவர் கிடந்தார். அதே குழியில் ஒரு மாடும் இருந்தது. அம்மரணம் குறித்துப் பலவித ஐயங்கள் எழுந்தன. அவற்றை ஆராய்வது நமது நோக்கமன்று. செடி தேடி வந்தவன் மாட்டுக்குழியில் மாண்டான் என்பதே போதும். நாற்பது ஆண்டுகளில் அம்மலை யாருடையதாகிவிட்டது என்பதை இது காட்டுகின்றது. 1836இல் டி கண்டோல் என்ற அறிஞர் ஐரோப்பாவில் இருந்தவாறே இச்செடிக்கு வெள்ளிவாள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். செடிக்கு உலகப் பெயர் கிடைத்த காலமும், அதன் அழிவு தொடங்கிய காலமும் ஒன்றே.

மாடு ஏன் கொல்லப்பட்டது, ஏன் வளர்க்கப்பட்டது என்பதையும் நாம் பார்த்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயின் ஏற்றுமதி சந்தனம். அமெரிக்க வணிகர் அதனைச் சீனத்துக்குக் கொண்டுபோய் விற்றனர். பட்டுக்கும் கப்பலுக்கும் பண்டங்களுக்கும் தலைவர்கள் கடன்பட்டனர். அக்கடனை அடைக்கக் குடிமக்கள் காடேறிச் சந்தனம் வெட்டினர். 1826இல் ஆண்மகன் ஒவ்வொருவனும் குறித்த அளவு சந்தனம் கொடுத்தல் வேண்டும் என்று வரிச்சட்டமும் வந்தது. வயல்கள் தரிசாயின. சந்தனம் தீர்ந்தபின் தோலும் கொழுப்பும் உப்பிட்ட இறைச்சியும் வணிகப் பொருள்களாயின. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றை வாங்கின. கலிபோர்ணியாவிலிருந்து மெக்சிக்கோ மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களிடம் தொழில் பழகிய ஹவாய் மாட்டுக்காரருக்குப் பனியோலோ என்ற பெயர் ஏற்பட்டது.

1809இல் கப்பலைவிட்டு ஓடி இறங்கிய ஜோன் பார்க்கர் என்ற அமெரிக்க இளைஞன், பின்னர் காட்டுமாடுகளைச் சுடும் அனுமதியை மன்னனிடம் பெற்றான். அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தான். 1847இல் சிறிய நிலத்தில் பண்ணை தொடங்கினான். வெண்மலையின் அடிவாரத்தில் எழுந்த அப்பண்ணை அமெரிக்காவின் மிகப் பெரிய மேய்ச்சற் பண்ணைகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஒருவனின் சாமர்த்தியம் இதற்குப் போதிய விளக்கமாகாது. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய சட்டத்தை அக்காலமே ஆக்கிக் கொடுத்தது.

1848இல் நடந்த மஹேலே என்ற நிலப் பங்கீடு அதுவாகும். அதுவரை நிலம் எவருக்கும் விற்கக்கூடிய சொத்தாக இருக்கவில்லை. அப்பங்கீட்டினால் மன்னனுக்கும் அரசுக்கும் தலைவர்களுக்கும் நிலம் பிரிக்கப்பட்டது. 1850இல் குடியானவர் தாம் பயிரிட்ட துண்டுகளுக்கு உரிமை கோரலாம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டில் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்று இன்னொரு சட்டமும் வந்தது. சுமார் 41 இலட்சம் ஏக்கரில் குடியானவர் கைக்கு வந்தது 28,600 ஏக்கர் மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம் மலைநாட்டு நிலங்களைத் தோட்டத்துரைமாருக்குத் திறந்துவிட்டதை அறிந்த நமது வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எட்டாண்டு இடைவெளியில், இரு சமுத்திரங்களில், ஒரே தேவை ஒரே வகையான சட்டத்தைப் பிறப்பித்தது.

நிலம் பண்டமானதும் மலைச்சரிவு மேய்ச்சற்றரையாயிற்று. வெண்மலைக்கும் அடுத்துள்ள மவுனா லோவா மலைக்கும் இடைப்பட்ட மேட்டிலே செம்மறிப் பண்ணைகள் எழுந்தன. வேலி தாண்டிய செம்மறிகள் காட்டாடுகளாகி மேலே மேலே ஏறின. மேற்சரிவிலுள்ள மாமனே மரங்களின் கன்றுகளைத் தின்றன. வெள்ளிவாளின் சதைப்பற்றுள்ள இலைகளைத் தின்றன. முப்பது நாற்பது ஆண்டு காத்திருந்து எழுந்த பூந்தண்டுகளை, விதை முற்றுமுன் தின்றன. ஆடு எட்டாத பாறை விளிம்புகளிலும் வைலுக்கு ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள செங்குத்தான சரிவுகளிலும் மட்டுமே செடி தப்பியது.

மலையில் செடி குறைந்த அதே காலத்தில் கீழே மனிதரும் குறைந்தனர். குக் வந்தபோது சில இலட்சங்களாக இருந்த ஹவாய்ப் பழங்குடி மக்கள், அந்நியர் கொண்டுவந்த நோய்களால் மாண்டு, 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலப்பினத்தவரும் உட்பட ஏறத்தாழ 40,000 பேராயினர். கரும்புத் தோட்டங்களுக்குச் சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போர்த்துக்கல்லிலிருந்தும் பின்னர் பிலிப்பைன்சிலிருந்தும் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். 1893 ஜனவரியில் வெள்ளை முதலாளிகளின் குழுவொன்று, அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, அரசி லிலியுஒகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1897இல் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அமெரிக்காவுடன் இணைவதை எதிர்த்து மனுவில் கையொப்பமிட்டனர். 1898இல் இணைப்பு நிறைவேறியது. அரசியினதும் அரசினதும் நிலங்கள் ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கர் அமெரிக்காவின் கைக்குப் போயின. வெண்மலையின் உச்சியும் அவற்றுள் அடங்கும். நூறாண்டுகள் கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரஸ் அச்செயலுக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் நிலம் எதையும் திருப்பித் தரவில்லை.

இனி, காப்பதற்கான முயற்சிகளும் எவ்வாறு தோன்றின என்பதை நோக்குதல் நன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயில் காட்டுக் காப்புச் சட்டங்கள் வந்தன. 1909இல் வெண்மலைக் காப்புக்காடு அமைந்தது. இச்சட்டங்களை முன்னின்று கோரியோருள் கரும்புத் தோட்ட முதலாளிகள் முக்கியமானவர்கள். மாடு காட்டைத் தின்றால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் கரும்பு வாடும். வெள்ளிவாளின்மீது அவர்களுக்கு இரக்கம் பிறந்ததென எண்ணுவோர் ஏமாந்துபோவர். ஆயினும் இலாபத்தின் கணக்கிலிருந்து பிறந்த சட்டமும் சிலவேளை ஒரு நல்ல வேலியாகிவிடுகின்றது. வரலாறு நேர்கோட்டில் நடப்பதில்லை.

அந்த வேலியைக் கட்டியவர்கள் யார்? உலகப் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்த இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு அமைத்த பொதுப்பணிப் படையினர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் காப்புக்காட்டைச் சுற்றி அவர்கள் குளிரிலும் மூச்சுமுட்டும் உயரத்திலும் வேலியிட்டனர். அப்பொழுது அம்மலையில் சுமார் 40,000 காட்டுச் செம்மறிகள் இருந்தன எனக் கணிக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளிலே அவற்றுட் பெரும்பகுதி அகற்றப்பட்டது. மாமனே மரங்கள் மீண்டும் துளிர்த்தன. ஆனால் இரண்டாவது உலகப்போரின் பின் கொள்கை மாறிற்று. மலை வேட்டைக்களமாகக் கருதப்பட்டது, செம்மறிகளைப் பெருகவிட்டனர். 1960களில் அரசே மூப்ளன் என்னும் காட்டுச் செம்மறியினத்தையும் கொண்டுவந்து விட்டது.

1978இல் நீதிமன்றத்திலே ஒரு விசித்திரமான வழக்குத் தொடரப்பட்டது. வழக்காளியின் பெயர் பலிலா. அது ஒரு பறவை. மாமனே மரத்தின் காய்களைத் தின்று, வெண்மலையில் மட்டுமே வாழும் மஞ்சள்தலைக் குருவி. அதன் சார்பில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் ஹவாய் அரசின்மேல் வழக்காடின. 1979இல் நீதிபதி சாமுவேல் கிங் பறவையின் பக்கம் தீர்ப்பளித்தார். ஓருயிரின் உறைவிடத்தை அழிப்பது அவ்வுயிருக்குத் தீங்கிழைப்பதேயாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். காட்டாடுகளையும் செம்மறிகளையும் மலையிலிருந்து அகற்றும்படி அரசுக்கு ஆணை பிறந்தது. பறவை வென்ற வழக்கில் வெள்ளிவாளுக்கும் பங்கு கிடைத்தது. 1986இல் அது அழிவை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் நாம் ஒரு கேள்வியை எதிர்கொள்ளாமல் செல்லமுடியாது. செம்மறிகளை அகற்றுவதை எதிர்த்தவர் அனைவரும் செல்வந்த வேட்டைப் பிரியர்களல்லர். கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், நிலமிழந்த ஹவாய்க் குடும்பங்களும் அவர்களுள் இருந்தனர். கடலால் சூழப்பட்டு, உணவிற் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்து, உயர்ந்த விலைக்கு விற்கும் நாட்டிலே, மலையாட்டின் இறைச்சி ஏழை வீட்டு அடுப்புக்கு ஓர் உதவி. அவர்களைப் பார்த்து, நீங்கள் இயற்கையின் பகைவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களின் பாட்டன்மாரிடமிருந்து சேம்புவயலைப் பறித்தவர் யார், அவ்வயலுக்குப் பதிலாக ஆட்டை விட்டுச் சென்றவர் யார் என்று கேளாமல் அப்படிச் சொல்வது அநீதியாகும். செம்மறிக்குப் பல் உண்டு, கொள்கை இல்லை. கொள்கை வகுத்தவர்கள் மலையேறியதேயில்லை.

ஆயினும் ஏழையின் பசியைக் காட்டி ஆட்டைக் காப்பதும் நேர்மையான வாதமாகாது. ஆடு மலையைத் தின்று முடித்தால், ஊற்றும் காடும் போனபின், முதலில் பட்டினி கிடப்பவன் அந்த ஏழையே. செடியா, மனிதனா என்ற கேள்வி பிழையான கேள்வி. நிலம் எவருக்கு, எதற்காக என்பதே கேட்கவேண்டியது. அதற்கு விடை காணாத இடத்திலே பாதுகாப்புச் சட்டமும் ஏழையின்மேல் விழும் இன்னொரு கபுவாகவே தோன்றும். 1979ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு அம்மலையில் செம்மறிகள் எஞ்சியிருந்தமைக்கு, இக்கேள்வி தீர்க்கப்படாமையும் ஒரு காரணம் எனலாம்.

செடியின் கதைக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வெண்மலையில் இயற்கையாக எஞ்சிய வெள்ளிவாட்கள் ஐம்பதுக்கும் குறைவு. 1973இல் பூத்த செடிகளிலிருந்து விதை எடுத்து, நாற்று வளர்த்து, வேலியிட்ட இடங்களிலே நட்டனர். நூற்றுக்கணக்கான கன்றுகள் வளர்ந்தன. மலை மீண்டும் வெள்ளி பூசியதென மகிழ்ந்தனர். ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. நட்ட கன்றுகள் யாவும் இரண்டே தாய்ச்செடிகளின் வழிவந்தவை. எண்ணிக்கை பெருகியது, உறவு ஒடுங்கியது. நெருங்கிய உறவினரிடையே விதை கொள்ளாத செடிக்கு அத்தகைய பெருக்கம் போதாது. ஆயிரம் பேரின் கூட்டமாகத் தோன்றியது உண்மையில் ஒரு குடும்பமே.

அதன்பின் தொடங்கிய வேலை இவ்வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி. பாறைச் சரிவுகளில் எஞ்சியிருந்த பழைய செடிகளுள் ஒன்று பூக்கும் ஆண்டுக்காகக் காத்திருந்தனர். அது பூத்தபோது, றொபேட் றொபிஷோ என்ற தாவரவியலாளரும் அவருடைய தோழர்களும் அதன் மகரந்தத்தைத் திரட்டி, நட்ட செடிகளின் பூக்களுக்குக் கொண்டுசென்றனர்; அவற்றின் மகரந்தத்தை இதற்குக் கொண்டுவந்தனர். தேனீ பறந்து கடக்க முடியாத தொலைவை மனிதன் நடந்து கடந்தான். விளைந்த விதைகளை நாற்றுமேடையில் முளைக்கவைத்தனர். நாற்றுகளைத் தொண்டர்களும் மாணவர்களும் சுமந்து சென்று மலையிலே நட்டனர். அவ்வாறு நட்ட கன்று பூப்பதை நட்டவர் எல்லாரும் காண்பார் என்று சொல்ல இயலாது. இன்று பதினைந்து வயது மாணவன் நடும் செடி அவன் நரைத்தபின் பூக்கலாம்.

துன்பம் தீர்ந்துவிட்டதென நாம் கூறவில்லை. அடுத்த தீவாகிய மவுயியில் ஹலேயாகலா என்ற எரிமலையிலே இதன் உடன்பிறந்த துணையினமொன்று வளர்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உல்லாசப் பயணிகள் மலையேறியதற்கு அடையாளமாக அதனைப் பிடுங்கிச் சென்றனர். வேலியும் காவலும் வந்தபின் அது மீண்டு பல்லாயிரமாகப் பெருகியது. ஆனால் 1990களிலிருந்து அது மீண்டும் மடிகின்றது. 2013இல் வெளிவந்த ஆய்வின்படி அத்தொகை ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்துவிட்டது. ஆடும் இல்லை, பிடுங்குவாரும் இல்லை. உயரத்து முகில் குறைந்து, மலை வறண்டு, வெப்பம் கூடுவதே காரணமெனக் காட்டினர். தொலைநாட்டு ஆலைகளின் புகைக்கு எந்த வேலியும் தடையாகாது. மலைக்கு மேலே செல்ல அச்செடிக்கு இடமும் இல்லை.

வெண்மலையின் உச்சியோ வேறொரு போராட்டத்தின் களமாயிற்று. 1968இல் அவ்வுச்சியை ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அரசு 65 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒரு டொலர். தொலைநோக்கி நிலையங்கள் பதின்மூன்று வரை எழுந்தன. அவை வெள்ளிவாளை அழித்தன என்று கூறுவது உண்மையாகாது. அழிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆனால் இன்னும் பெரியதொரு தொலைநோக்கியை நிறுவ முற்பட்டபோது ஹவாய் மக்கள் சாலையை மறித்தனர். 2015இலும் மறித்தனர், 2019 ஜூலையில் முதியோர் முன்வரிசையில் நாற்காலியிட்டு அமர்ந்து கைதாகினர். விண்ணை ஆராய்வதை அவர்கள் வெறுத்தார்களென்று எழுதிய ஏடுகளும் உண்டு. அலைகடலில் விண்மீன் பார்த்து வழிகண்ட மாலுமிகளின் வழித்தோன்றல்களைப் பற்றி அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: எம்மைக் கேளாமல் எம் மலையை ஒரு டொலருக்குக் கொடுக்க நீங்கள் யார்? 2022இல் மலையின் நிருவாகத்தைப் புதிய சபையொன்றிடம் ஒப்படைக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சபையில் ஹவாய்ப் பழங்குடி மக்களுக்கும் இடமுண்டு. அது முழு விடையன்று. ஆயினும் 1793 தொடங்கி அம்மக்களைக் கேளாமலே முடிவெடுத்து வந்த வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

ஒரு செடியை முன்வைத்து ஒரு நாட்டின் கதையைச் சொன்னோம். நமது பாடசாலைகளில் தாவரவியல் ஓரறையிலும் வரலாறு மற்றோரறையிலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டுக்குமிடையே ஒரு சுவர் இருக்கின்றது. ஓர் இனம் அருகிவிட்டது என்று தாவரவியல் ஆசிரியர் சொல்லும்போது, அவ்வாண்டுகளில் அங்கு நிலம் யாரிடம் இருந்தது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், அச்சுவரில் ஒரு கல் பெயர்ந்துவிடும். அக்கேள்வியைக் கேட்க அவனைப் பழக்குவது ஆசிரியர்களாகிய நமது கடமை.

வெண்மலைச் சரிவிலே இன்றும் கோடை வரும்போது ஏதோவொரு வெள்ளிவாள் பூக்கின்றது. அது விதை கொள்ளுமா, வெறுமையாய் மடியுமா என்பது அச்செடியின் வலிமையில் தங்கியிருக்கவில்லை. அருகே இன்னொன்று பூத்திருப்பதிலும், அது இல்லாதவிடத்து மகரந்தத்தைச் சுமந்து பாறையேற ஒருவர் ஆயத்தமாய் இருப்பதிலுமே தங்கியிருக்கின்றது.